அட்டையில் இல்லாத ஐந்தாவது பாட்டு

சனிக்கிழமைகளில் என் மனைவி பல் ஆஸ்பத்திரி வேலை முடிந்து ஒன்றரைக்கு வருவாள். அவளுக்கு ஹார்ட் ராக் சத்தம் ஆகாது. அவள் வருவதற்குள் என்னிடமுள்ள ஒரு பழைய பிரிட்டிஷ் ராக் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை ஒருமுறை கேட்டுவிடுவேன். நான்கு பாட்டு. கடைசிப் பாட்டில் கிதார் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் உருண்டுவரும் இடத்துக்கு உயிரையே கொடுக்கலாம்.

இன்று தூசி துடைக்கையில் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, பாட்டுகளைப் பிரிக்கும் கோடுகளை எண்ணினேன். ஐந்து பாட்டு இருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நான்குதான்.

சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். நான்காவது பாட்டு முடிந்தது. கொஞ்சம் கரகரத்தது. பிறகு ஸ்பீக்கரில், பூட்டில் சாவி திரும்பும் சத்தம்.

"என்னங்க, பாட்டு முடிஞ்சும் தட்டு சும்மா சுத்திக்கிட்டிருக்கு?" என் மனைவியின் குரல். செருப்பைக் கழற்றினாள். "என்னங்க?" என்றாள், இன்னும் பக்கத்தில். "விளையாடாதீங்க." அப்புறம் ஃபோனில் அவள் அண்ணனிடம் அழுதாள்: "உடனே வாண்ணா. கை சில்லுன்னு இருக்கு."

ஸ்பீக்கர் அடங்கியது. மணி ஒன்றரை. எழுந்து ஊசியைத் தூக்க நினைத்தேன். அதற்குள் வாசலில் சாவி திரும்பியது.

"என்னங்க, பாட்டு முடிஞ்சும் தட்டு சும்மா சுத்திக்கிட்டிருக்கு?"

"இதோ எந்திரிக்கிறேம்மா," என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றினாள்.

"என்னங்க?" என்றாள், இன்னும் பக்கத்தில்.