வேறு கை பட்ட பிடரி

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களா. காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். பொறாமையில் வெந்து நொந்துபோன ஒரு சலூன்காரரின் கதை சொல்கிறேன். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

“அவன் தலையில வேற எவனோ கை வச்சிருக்கான்.”

சலூன்காரர் இதைச் சொன்னபோது, பக்கத்து இஸ்திரிக் கடையில் அவருடைய தங்கை ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எவன் தலையில் என்று அவள் கேட்கவில்லை. அண்ணனும் அந்தத் தலைக்குச் சொந்தக்காரரான பஸ் ஓட்டுநரும் ஒரே வீட்டில், ஒருவருக்கொருவர் துணையாக, இளந்தாடிக் காலம் தொட்டு நரை விழும் வரை வாழ்ந்து வந்தவர்கள். ஓட்டுநரை அண்ணி என்று கூப்பிட முடியாது என்பதால், அத்தான் என்று கூப்பிட்டு அந்த உறவை ஒருவழியாக நேர்செய்து வைத்திருந்தாள்.

“அத்தான் முடி வெட்டிக்கிட்டதுக்கா இந்தப் பாடு?”

“இத்தனை வருஷத்துல என் கத்திரி தவிர வேற எதுவும் அந்தத் தலையில பட்டதில்ல.”

ஒரு தடவை என்றால் பொறுத்திருப்பார். முதல் வாரம் பிடரியில் கோடு மாறியிருந்தது. அடுத்த வாரம் காதோரம். அதற்கடுத்த வாரம் கிருதாவைக் கத்தியால் வழித்து, பவுடர் வாசனையோடு வந்து நின்றார் ஓட்டுநர். இப்போது உச்சி முடியும் ஒட்ட வெட்டப்பட்டு, புல் செதுக்கிய மைதானம் மாதிரி இருந்தது.

தேநீர் கொடுக்கும் சாக்கில் பின்னால் நின்று, அந்தத் தலையை இஞ்ச் இஞ்சாகப் படித்தார் சலூன்காரர். பிடரியில் கத்திரி வலது கையில் போயிருக்கிறது, காதோரம் இடது கையில். மேலே மெஷின், கிருதாவில் கத்தி. வந்தவன் லேசுப்பட்டவன் இல்லை என்று முடிவு கட்டினார். இரண்டு கையாலும் வெட்டுகிறவன். எல்லா வித்தையும் கற்றவன். ஆளையும் பறித்துக்கொண்டு, தொழிலிலும் தன்னை மிஞ்சுகிற ஒருவன் இந்த ஊரில் எங்கோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். கடைக் கண்ணாடியில் தன் தொப்பையைப் பார்த்தார். வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தார். மூச்சு விட்டதும் அது பழையபடி வந்து நின்றது.

“வாயைத் திறந்து கேட்டுட வேண்டியதுதானே?” என்றாள் தங்கை.

“கேட்டா சொல்லிடுவான். பொய் சொல்ல வராது அவனுக்கு. அதான் பயம்.”

அதைவிடப் பெரிய முள் ஒன்று உள்ளே தைத்திருந்தது. ஆணை நேசிக்கும் ஆணும், பெண்ணை நேசிக்கும் பெண்ணும், திருநங்கைகளும், திருநம்பிகளும் எங்களுக்கும் எல்லோரையும் போல வாழ்வு வேண்டும் என்று சொல்லி, வருடம் ஒருமுறை பெரிய தெருவில் பேரணி போவார்கள். ஓட்டுநர் தவறாமல் போவார். கூட வா என்று தவறாமல் கூப்பிடவும் செய்வார். சலூன்காரரும் தவறாமல் மறுப்பார். ஊர்ச் சலூன்காரர்களின் வாய் கத்திரியைவிட நீளம், சலூன்காரர் சங்கத்துப் படியில் கால் வைக்க விடமாட்டார்கள் என்பார். ஓட்டுநர் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புவார்.

இந்த வருடம் அவர் கூப்பிடவே இல்லை.

“கூட நடக்க ஆள் கிடைச்சிட்டான் போல” என்றார் சலூன்காரர். தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போய் அந்த ஆளின் முகத்தையாவது பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

பேரணியன்று கடையைச் சாத்திவிட்டுப் பெரிய தெரு முனையில், விளக்குக் கம்பத்தின் பின்னால் போய் நின்றார். கம்பம் அவரில் பாதியைக்கூட மறைக்கவில்லை. மேளச் சத்தமும் வானவில் கொடிகளும் கடந்து போயின. பிள்ளைகளின் படத்தை மார்பில் மாட்டிய அம்மாக்கள் போனார்கள். வேலை உடுப்போடு நர்சுகள் போனார்கள். பிறகு அந்த ஒட்ட வெட்டிய தலை தெரிந்தது. பக்கத்தில் ஒரு நெட்டையன், சட்டைப் பையில் சீப்பு. குனிந்து ஓட்டுநரின் காதில் ஏதோ சொல்கிறான். ஓட்டுநர் தோள் குலுங்கச் சிரிக்கிறார்.

பேரணிப் பக்கமே தலைவைத்துப் படுக்காத சலூன்காரர், எப்போது நடைபாதையை விட்டு இறங்கினோம் என்று தெரியாமலேயே கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் நெட்டையன் முன்னால் நின்றார்.

“இவன் தலையில கை வச்சது நீதானா?”

நெட்டையன் நெளிந்தான். “நான் பிடரி மட்டும்தாண்ணே.”

“காதோரம் நான்” என்று பின்னாலிருந்து ஒரு இடது கை உயர்ந்தது. கிருதா தன் வேலை என்று ஒத்துக்கொண்டார் கத்தியில் பேர் வாங்கிய கடைத்தெரு அம்மாள். உச்சி முடிக்குச் சங்கத் தலைவரே பொறுப்பேற்றார்.

“வாரம் ஒரு கடையா வந்து உட்கார்ந்து உங்களைப் பத்தியே, எங்க வாய்க்குப் பயந்து நீங்க பேரணிக்கு வராததைப் பத்தியே பேசினாருண்ணே” என்றான் நெட்டையன். “பாதித் தலையோட ஆளை வெளிய அனுப்ப முடியுமா? முழுசாக் கேட்டுட்டோம். மத்த கடைகளுக்கு நாங்களே போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வந்தோம்.”

அப்போதுதான் சலூன்காரர் நிமிர்ந்து பார்த்தார். நெட்டையனுக்குப் பின்னால், எந்த வாய்களுக்குப் பயந்து இத்தனை வருடம் வீட்டுக்குள் இருந்தாரோ அந்தச் சலூன்காரர்கள் அத்தனை பேரும் சீப்பும் கையுமாக வரிசை கட்டி நின்றிருந்தார்கள்.

“இனிமே வெட்டிக்கத் தலையில ஒண்ணுமில்லப்பா” என்றார் ஓட்டுநர். “இப்பவாவது கூட வர்றியா?”

உங்கள் வீட்டு வாசலில் எந்நாளும் ஜோடி ஜோடியாகச் செருப்பு கிடக்கட்டும், கண்ணுகளா. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் கை கோத்து வெளியே நடக்கட்டும்.