மரங்கொத்தி ஏறிய மேடை

ஏரிக்கரையைக் கலைநகரமாக்கியே தீருவதென்று கொக்கு கூட்டம் போட்டது. "யாருக்கு என்ன வேணுமோ, கூச்சப்படாமச் சொல்லுங்க!" என்றது.

மரங்கொத்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்கு எதையும் தட்டிச் சொன்னால்தான் திருப்தி. பட்டுப்போன இலுப்பை மரத்துக்குப் பறந்துபோய், 'டொக் டொக்' என்று ஆரம்பித்தது.

"அட, சும்மா இருப்பா! இங்கே கலையைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்ல?" என்று அதட்டியது கொக்கு.

மரங்கொத்தி அலகை இறக்கைக்குள் செருகிக்கொண்டு நெளிந்தது.

"நமக்குன்னு ஒரு மேடை வேணும்" என்றது அணில். எல்லாம் தலையாட்டின. மேடை போட மரத்துக்கு எங்கே போவது? பட்ட இலுப்பை சும்மாதானே நிற்கிறது!

"ஐயா, நான் தினமும் வாசிக்கிற மரமாச்சே அது!" என்று பதறியது மரங்கொத்தி.

"உன் கருத்தையும் கேட்டுக்கிட்டோம். முதல் கச்சேரியே உன்னுதுதான், போதுமா?" என்றது கொக்கு.

யானை வந்து இலுப்பையைச் சாய்த்தது. அணில் கொறித்துக் கொறித்து அதை வழவழப்பாக்கியது.

திறப்பு விழாவுக்கு ஊரே கூடிவிட்டது. இத்தனை நாள் தட்டாமல் தவித்த மரங்கொத்தி, மேடையேறி அலகை ஓங்கியது.

கொக்கு குறுக்கே பாய்ந்தது. "ஐயையோ, தட்டிடாதே! புது மேடை, பொத்தலாயிடும்!"