கண் இமையில் வெயில்

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் இளைய மகள். போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், துவைத்த துணிகளை இருவரும் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

அவளுக்கு நகராட்சியில் வேலை. பூங்காக்களைக் கவனிக்கும் பிரிவில் மேற்பார்வையாளராகச் சேர்ந்து அப்போது பத்து நாள்கூட ஆகவில்லை. அதிகாரி அவளைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினாராம்.

"பெரிய பூங்காத் தோட்டக்காரர் மேல புகார். தினம் மத்தியானம் மரத்தடியில தூக்கமாம். ஊர்ல அவருக்குத் 'தூங்குமூஞ்சி'ன்னே பேர் வெச்சிருக்காங்க. ஒரு நகல் நகராட்சித் தலைவருக்கும் போயிருக்கு. எதுக்கும் நேர்ல போய்ப் பார்த்துட்டு வாம்மா. நான் அவரை ஏரிக்கரைப் பூங்காவுக்கு மாத்தி உத்தரவு டைப் பண்ணச் சொல்றேன்."

ஏரிக்கரைப் பூங்கா ஊருக்கு வெளியே இருக்கிறது. இரண்டு பஸ் மாற வேண்டும். பூங்கா என்று பெயர்தான். உட்கார ஒரு பெஞ்சு கிடையாது.

கடிதத்தில் எழுதியவர் பெயர் இல்லை. 'நாங்கள் வரி கட்டுவது இவர் கண்ணை மூடிக் கிடப்பதற்கா?' என்று முடிந்திருந்தது.

மகள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. பூங்காவில் ஆள் அரவமே இல்லை. நிழல்கள் மட்டும் புல்லின் மேல், தண்ணீரில் படகு போகிற மாதிரி, போவதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தன. நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில், நரைத்த தலைக்குக் கீழே கையை மடித்து வைத்துக்கொண்டு அவர்.

சுற்றிலும் புல்லில் பத்துப் பதினைந்து குச்சிகள் நட்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துணிக் கிழிசல்.

"ஐயா!"

"கொஞ்சம் இருங்கம்மா" என்றார், கண்ணைத் திறக்காமலே. "இப்ப வந்துடும்."

"யாரு?"

"வெயில்."

இவளும் ஏதோ வசியம் வைத்தது போல நின்றுவிட்டாள். மேலே ஓர் இலை விலகியது. ஒரு துளி வெயில் இறங்கி அவர் கண் இமையில் உட்கார்ந்தது.

சட்டென்று எழுந்தார். தலை இருந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

"டூட்டி நேரத்துல இப்படிப் படுத்துக் கிடந்தா எப்படிங்கய்யா?"

"டூட்டி காலையில அஞ்சு மணியிலேர்ந்து ஒரு மணி வரைக்கும்தானேம்மா? அது முடிஞ்சாச்சு. இது என் நேரம்."

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மத்தியானம் தூங்குகிறார் என்றதும் எல்லோரும் கோபப்பட்டார்களே தவிர, எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்கவில்லை.

"அப்ப வீட்டுக்குப் போய்த் தூங்கலாமே?"

"போகலாம். ஆனா அடுத்த வாரம் பதினாலு பெஞ்சு வருது. சிமெண்டு போட்டுப் பதிச்சுட்டா அப்புறம் அசைக்க முடியாது. ஆபீஸ்ல படம் போட்டு வெச்சிருக்காங்களே, பாத்தீங்களா? பாதை ஓரமா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரிசையில நிக்கிற மாதிரி. போட்டோவுக்கு நல்லாத்தான் இருக்கும். மத்தியானம் உக்காந்தா முதுகு வெந்துடும்."

"நிழலைத்தானே பார்க்கணும்? நின்னு பார்த்தா போதாதா?"

அவர் சிரித்துவிட்டார். "நின்னு பார்த்தா தலைக்குத்தான் நிழல் தெரியும். உக்காந்தவங்களுக்கு மடிக்கு வேணும். மடியில தூங்குற பிள்ளையோட கண்ணுக்கு வேணும். அதைப் படுத்துத்தாம்மா பார்க்கணும். கண்ணை மூடினாத்தான் காத்து எந்தப் பக்கம்னும் தெரியுது."

"நிஜமாவே தூங்கிட மாட்டீங்க?"

"தூங்குவேனே! வெயில் வந்து எழுப்புற வரைக்கும் தூங்கினேன்னா, அதுதான் நல்ல இடம்."

மகள் அந்த நோட்டை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"பெஞ்சை அவர் குச்சி நட்ட இடத்துலயே போட்டுடலாம்மா" என்றார் கடைசியில். "ஆனா மாற்றல் உத்தரவு தலைவர் கையெழுத்தோட போயிடுச்சு. இனி என் கையில இல்லை."

மறுநாள் தோட்டக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது என்று மகள் தவித்தாளாம். அவரோ, வந்து சேர்ந்துவிட்ட உத்தரவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குச்சிகளை எண்ணிக்கொண்டே கேட்டாராம்: "ஏரிக்கரையிலயும் மரம் இருக்கில்லம்மா? அங்கே பெஞ்சு வர்றதுக்குள்ள பார்த்து வெச்சுடறேன்."

மகள் சொல்லி முடித்தபோது, நான் ஒரே தலையணை உறையை மூன்றாவது தடவையாக மடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கடிதம் எழுதினது யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"தெரியலைம்மா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "கையெழுத்து மட்டும் அழகா இருந்துச்சு."

இப்போதெல்லாம் மத்தியானப் பிரார்த்தனைக்கு நான் பெரிய பூங்காவுக்குத்தான் போகிறேன். ஏழாவது பெஞ்சு. கண்ணை மூடி உட்கார்ந்தால் நாலு மணி வரைக்கும் இமையில் வெயில் படுவதில்லை. முதலில் அவருக்காக வேண்டிக்கொள்கிறேன், பிறகுதான் என் பிள்ளைகளுக்கு.

பெயர் போடாமல் எழுதினால் என்ன? பெற்றவள் கையெழுத்து மகளுக்குத் தெரியாதா?

நீங்கள் ஏரிக்கரைப் பக்கம் போனால், புல்லில் குச்சிகள் தெரிகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக நடங்கள்.