குடை பிடிப்பவன்

பிள்ளைகளின் கண் எங்கே நிற்கிறதோ அங்கே கதையை வளர்த்துக்கொள்ளும் பேசும் புத்தகங்கள் வந்த புதிதில், செல்வமுருகனுக்கு ஏழு வயது. அன்று படித்த கதையை இன்று மகள் நறுமுகைக்குத் திறந்தான்.

கதையின் நாயகன் இளவரசன் வீரகேது. ஆனால் செல்வமுருகன் படித்தது, இளவரசனுக்குக் குடை பிடிக்கும் குப்பாண்டிக்காக. மொத்தமே மூன்று பக்கம்தான் வருவான். போர் முரசு ஓயும் நேரமாகப் பார்த்து 'ஹச்' என்று தும்முவான். அந்த ஒரு தும்மலுக்காக நாற்பது பக்க வீரத்தைப் பொறுத்துக்கொண்ட காலம் அது. அதை மகளுக்குக் காட்டிவிட வேண்டும்.

இத்தனை வருடங்களில் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் அவனைப் போலவே குப்பாண்டியைப் பார்த்துத் தொலைத்திருக்கிறார்கள்; புத்தகமும் அவனையே வளர்த்துவிட்டிருந்தது. இப்போது எல்லாப் பக்கத்திலும் குப்பாண்டிதான். வாள் வைத்திருந்தான். அறிவுரை சொன்னான். ஒருமுறைகூடத் தும்மவில்லை. நாயகர்கள் தும்முவதில்லை.

நறுமுகை கொட்டாவி விட்டாள். பிறகு திடீரென்று சிரித்தாள்.

"அப்பா, பின்னாடி ஒருத்தன் குடை புடிச்சிட்டு நிக்கிறான் பாரு! கிரீடம் நழுவி மூக்கு மேல விழுது! யாருப்பா அவன்?"

வீரகேது.

செல்வமுருகன் சட்டென்று உள்ளங்கையால் இளவரசனை மறைத்தான். "உத்துப் பாக்காதடி கண்ணு. அப்புறம் புத்தகம் இவனையும் பெரிய ஆளாக்கிடும்."

"பின்ன எப்படிப் பாக்குறது?"

"ஓரக்கண்ணால."

இருவரும் சுவரைப் பார்த்தபடி பக்கத்தைப் புரட்டினார்கள். முரசு ஓய்ந்தது. குடை பிடித்தவன் தும்மினான்.

சிரிக்காமலிருக்க அப்பாவும் மகளும் பெரும்பாடு பட்டார்கள்.