வருகைக்குப் பிறகு கஞ்சி

இடுப்பளவு ஏரித் தண்ணீரில் குனிந்து, கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள் அனிதாவும் பக்கத்து வீட்டு இருசம்மாளும்.

"அக்கா, இயேசு வந்து, நம்புன எங்களை மேல எடுத்துக்கினு போயிட்டா, எங்க வீட்டுக்காரருக்கு நீதான் கஞ்சி ஊத்தணும்" என்றாள் அனிதா.

"ஏன், அவரு போகமாட்டாரா?"

"மாட்டாரு. அப்புறம் கீழ நின்னுட்டவங்களுக்கு ஏழு வருசம் உபத்திரவ காலம். சர்க்கரை வியாதி வேற, பார்த்துக்க."

இருசம்மாளுக்கு ஆவல் தாங்கவில்லை. "அப்படி இன்னா தப்பு பண்ணாரு?"

"தப்பு ஒண்ணும் இல்ல. பிடிவாதம்."

கரையில், அக்கரை ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர்கள் தோணியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்ததும், பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோணியைத் தள்ளிவிட்டு, கடைசியாகத் தாவி ஏறினார் பாஸ்டர்.

"பார்த்தியா எங்க வீட்டுக்காரரை?" என்றாள் அனிதா. "தோணி தள்ளுறவன் கடைசியிலதான் ஏறணுமாம். ஊர்ல ஒருத்தர் கரையில நின்னாலும், இயேசு வர்ற அன்னிக்கு இவரு ஏறமாட்டாராம்."

"இன்னும் யாரு நிக்கிறா?"

"நீதான்க்கா. அதான் கஞ்சியை உன் தலையில கட்டுறேன்."