ஆறாவது பாட்டில்

மணலூர்பேட்டைப் பக்கம் ஐந்து போர்வெல்களில் மாதம் ஒருமுறை ஆய்வு மாணவி சுபஸ்ரீ பரிசோதனைக்குத் தண்ணீர் பிடிப்பாள். பெரியநாயகி வீட்டுக் களத்தில் ஐஸ் பெட்டியை வைத்துவிட்டுத்தான் சுற்றப் போவாள். அந்தப் பெட்டியில் ஆறாவதாக ஒரு பாட்டில் காய்ச்சி வடித்த நீர் இருக்கும். அதைத் திறக்காமலே ஆய்வகத்துக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். அதில், குழந்தைகளுக்கு ஆகாத உப்பான நைட்ரேட் பூஜ்யம் வந்தால்தான் மற்ற ஐந்தின் முடிவும் செல்லும்.

நான்கு மாதமாக அதில் லிட்டருக்கு 118 மில்லிகிராம் வந்தது.

"பாட்டிலை ஒழுங்கா கழுவலம்மா நீ. மறுபடி எடு," என்றார் ஆய்வு வழிகாட்டி.

புது பாட்டில் வாங்கி, மூடியில் டேப் சுற்றிக் கையெழுத்தும் போட்டாள். அப்போதும் 118. முடிவுகள் எல்லாம் குப்பைக்குப் போயின. ஊர்ப் பிள்ளைகள் அதே போர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் மாதம் எரிச்சலில், களத்திலேயே டேப்பைக் கிழித்து டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள். உப்புக் கரித்தது. பாட்டிலில் மிஞ்சியதைத் தரையில் கொட்டிவிட்டு, காலி பாட்டிலைப் பெட்டிக்குள் திணித்து மூடினாள்.

பெரியநாயகி டம்ளரை வாங்கி, அதில் இருந்ததை ஒரு வாய் குடித்தாள்.

"இன்னாம்மா இது, எங்க பழைய கெணத்துத் தண்ணியாச்சே! அத்த மண்ணு போட்டு தூத்து ஏழு வருஷம் ஆவுது."

"கெணறு எங்க இருந்துச்சு?"

பெரியநாயகி ஐஸ் பெட்டியைக் காட்டினாள். "பொட்டி வச்சிக்கிற எடந்தான்."

சுபஸ்ரீ பெட்டியைத் திறந்தாள். ஆறாவது பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது.