தண்ணீர் நிறுத்திய இரண்டாம் நாள்

தென்கொரியாவின் தேகு நகரத்து மாலை வெயில் உடற்பயிற்சிக் கூடத்துக் கண்ணாடியில் சாய்ந்து விழுகிறது. எடை மேடையில் வெறுங்காலோடு நிற்கிறாள் சோல்-ஆ. நூலகத்தில் வேலை. நான்கு மாதம் முன்புவரை மாடிப்படி ஏறியதுதான் அவள் அறிந்த உடற்பயிற்சி. எடை குறைக்க வந்தவளுக்கு, ஆணழகன் போட்டிக்காகத் தான் கடைப்பிடித்த உணவுப் பட்டியலையே பயிற்சியாளர் கொடுத்துவிட்டார். அவித்த கோழிக்கறி, அரைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. இளைத்த உடம்பைக் காட்டி நாளை ஸ்டுடியோவில் அவள் புகைப்படம் எடுத்துக்கொள்ளப் போகிறாள். வயிற்றுத் தசை எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று நேற்றிலிருந்து தண்ணீரும் கிடையாது.

“நாப்பத்து மூணு கிலோ! பாத்தீங்களா?” பயிற்சியாளர் கைதட்டுகிறார். அவள் சிரிக்கிறாள். காய்ந்த உதடு பிளந்து பல்லில் ரத்தம் ஒட்டுகிறது. நூலகத்தில் உடன் வேலைபார்க்கும், இன்று துணைக்கு வந்திருக்கும் மி-கியோங் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள். “ஒரு வாய் குடிடி. எங்க வீட்டுப் பூனைகூட உன்னைவிட நல்லாத் திங்குது. மாசாமாசம் வர்ற தூரம் நின்னே மூணு மாசமாச்சுன்னு நீதானே சொன்னே?”

“நாளைக்கு வரைக்குந்தான் அக்கா.” வாங்கிக் கொப்பளித்து, ஒரு சொட்டும் விழுங்காமல் துப்புகிறாள்.

மேடையிலிருந்து இறங்கும்போது கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறது. அப்படியே தரையில் உட்கார்கிறாள். கைவிரல்கள் உள்ளே மடங்கி நிற்கின்றன. விரிக்கப் பார்க்கிறாள், விரியவில்லை.

“எனக்கும் இப்பிடி வந்திருக்கு, சரியாயிடும்,” என்கிறார் பயிற்சியாளர். குரலில் உரமில்லை. மி-கியோங் ஆம்புலன்ஸை அழைக்கிறாள்.

சோல்-ஆ மி-கியோங்கின் சட்டை நுனியை மணிக்கட்டால் இடிக்கிறாள். “அக்கா, ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்தினா வெயிட் கூடிருமா?”